உரியவர் இல்லாத பெயர்கள்: சேலம் கல்லூரி ஒன்றின் டொமைன், ஐபி நிர்வாகம் குறித்த நிகழ்வு ஆய்வு

சேலத்தில் இயங்கும் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் நடந்தது இது. கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. ஆயிரக்கணக்கில் மாணவர்கள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி விடுதி, மலைமேல் ஏற்காட்டில் ஒரு சிறிய கள ஆய்வு நிலையம். இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு சிஸ்டம் அட்மின். அவருக்கு உதவியாக லேப் உதவியாளர்கள் சிலர், அவர்களுக்கும் செமஸ்டர் பிராக்டிகல் வந்துவிட்டால் வேறு வேலை.

பிளஸ் டூ ரிசல்ட் வந்து அட்மிஷன் சூடுபிடித்திருந்த நேரத்தில், ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெற்றோர் கல்லூரி அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார். "உங்க காலேஜ் பேரைப் போட்டுத் தேடினா சீட்டாட்ட விளம்பரமா வருதுங்களே, இது உங்க சைட்டுதானுங்களா?" என்று கேட்டார். இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க 2023-இல் தனிச் சட்டமே கொண்டுவந்த மாநிலம் இது. அங்கே ஒரு கல்லூரியின் முகவரியில் பந்தயப் பக்கம் ஓடுகிறது. அட்மிஷன் நேரத்தில் இதைவிடக் கெட்ட செய்தி ஒரு முதல்வருக்கு வர முடியாது.

முதன்மை இணையதளத்தைப் பராமரிப்பவர்கள் எல்லாக் கோப்புகளையும் அலசிப் பார்த்தார்கள். யாரும் உள்ளே புகுந்த தடயம் இல்லை. இருந்தாலும் பாஸ்வேர்டுகளை மாற்றி, பேக்கப்பிலிருந்து தளத்தைப் புதிதாக ஏற்றினார்கள். தேடலில் அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. என்னையும் என்னோடு பணிபுரியும் இன்னொரு நெட்வொர்க் பொறியாளரையும் கல்லூரி அழைத்தது அதற்குப் பிறகுதான்.

பெயர் எங்கே போய் நின்றது

தேடல் முடிவின் தலைப்பைத்தான் எல்லோரும் பார்த்திருந்தார்கள், முகவரியைக் கவனிக்கவில்லை. கல்லூரியின் டொமைனுக்கு, அதாவது இணையப் பெயருக்கு, முன்னால் வேறொரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. அது சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துறை நடத்திய சிம்போசியத்தின் பெயர். ஒரு பெயர் எங்கே சுட்டுகிறது என்று காட்டும் டிக் கட்டளையில் அந்தப் பெயரைக் கேட்டதும் விஷயம் விளங்கிவிட்டது. முதல் வரியில், இந்தப் பெயர் ஒரு இலவச ஹோஸ்டிங் சேவையில் உள்ள இன்னொரு பெயருக்கு சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் பதிவு) என்று இருந்தது. அடுத்த வரியில் அந்தச் சேவையின் ஐபி முகவரி, அதாவது கணினியை இணையத்தில் அடையாளம் காட்டும் எண். பக்கத்தில் டிடிஎல் (இந்த விடையை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவு) 86,400 வினாடி, அதாவது ஒரு முழு நாள்.

பின்கதை எளிமையானது. இறுதியாண்டு மாணவர் ஒருவர் சிம்போசியத்துக்காக அந்த இலவசச் சேவையில் ஒரு தளம் கட்டினார். கல்லூரியின் பெயரில் திறந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டார். அட்மின் சிநேம் பதிவு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார். இதில் யார் மேலும் தப்பில்லை, அப்படித்தான் செய்ய வேண்டும். விழா முடிந்தது, மாணவர் படிப்பை முடித்து வேலைக்குப் போனார், கணக்கை மூடினார். ஹோஸ்டிங் சேவையில் அவர் வைத்திருந்த பெயர் விடுபட்டு, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றானது. இப்படி அறுந்து தொங்கும் சிநேம்களைத் தானியங்கி நிரல்களால் தேடிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் அதே பெயரில் கணக்குத் தொடங்கினார், அவ்வளவுதான். கடையைக் காலி செய்தவர் பெயர்ப்பலகையைக் கழற்றாமல் போக, அடுத்து வாடகைக்கு வந்தவர் அதே பலகையின் கீழ் வியாபாரம் செய்வது போல. கல்லூரியின் எந்தச் சர்வரையும் யாரும் தொடவே இல்லை.

பெயர்களை ஐபி முகவரிகளோடு இணைக்கும் டிஎன்எஸ் அமைப்பை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தபோது, அதன் அடிப்படையே பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பதுதான். அதற்கு முன் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் ஒரே இடத்தில் பராமரிக்கப்பட்டன. இன்று .இன் பெயர்களின் பதிவேடு நிக்ஸி என்ற அமைப்பிடம் இருக்கிறது. .ஏசி.இன் பெயர்களைக் கல்வி நிறுவனங்களுக்குப் பதிவு செய்து கொடுப்பது எர்நெட் இந்தியா. அதற்குக் கீழே, கல்லூரிப் பெயருக்குள் என்னென்ன இருக்கலாம் என்பது முழுக்கக் கல்லூரியின் கையில். உள்ளே குப்பை சேர்ந்திருக்கிறதா என்று மேலே உள்ள எவரும் வந்து பார்க்கப்போவதில்லை. .ஏசி.இன் என்ற முகவரிமேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை பெரிது. கல்வி நிறுவனம் என்று நிரூபித்தால்தான் அது கிடைக்கும். தேடுபொறிகளில் பழைய கல்லூரி முகவரிகளுக்கு நல்ல மதிப்பும் உண்டு. பந்தயக்காரர்கள் குறி வைப்பது அதைத்தான்.

பதிவை நீக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் உலகெங்கும் உள்ள ரிசால்வர்கள், அதாவது பெயருக்கு விடை தேடித் தரும் சர்வர்கள், பழைய விடையை ஒரு நாள்வரை நினைவில் வைத்திருக்கும். டிடிஎல் அவ்வளவு நீளமாக இருந்ததால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அந்த இடைவெளியில் இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்த்தோம். இரண்டும் விளம்பரத்தைவிட மோசமானவை.

ஒன்று, சான்றிதழ். ஒரு பெயர் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவர் அதற்கு இலவசமாக டிஎல்எஸ் சான்றிதழ் (உலாவியில் பூட்டுக் குறி வரச் செய்வது) பெறலாம். அந்தப் பந்தயப் பக்கமும் பூட்டுக் குறியோடுதான் திறந்தது. "பூட்டு இருந்தால் பாதுகாப்பு" என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் இங்கே எதிராகத் திரும்புகிறது. இரண்டு, குக்கீ. மாணவர்கள் மதிப்பெண் பார்க்கும் போர்ட்டல் தன் உள்நுழைவுக் குக்கீயை (உள்ளே நுழைந்தவர் யார் என்று அறிய உலாவியில் வைக்கும் சிறு குறிப்பு) கல்லூரியின் மொத்த டொமைனுக்கும் செல்லும்படி வைத்திருந்தது. போர்ட்டலில் நுழைந்த மாணவர் அதே உலாவியில் அந்தச் சூதாட்டப் பக்கத்தைத் திறந்தால், குக்கீ அங்கேயும் போகும். யாராவது அப்படி எடுத்தார்களா என்று பார்க்கப் போர்ட்டலின் பதிவுகளை அலசினோம். சந்தேகத்துக்கு இடமாக எதுவும் கிடைக்கவில்லை. குக்கீயைப் போர்ட்டலின் பெயருக்கு மட்டும் என்று மாற்றி, எல்லோரையும் ஒருமுறை வெளியேற்றி மறுபடி நுழைய வைத்தார்கள்.

இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி, இப்படிப்பட்ட சம்பவங்களைத் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அது கல்லூரியில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிவிக்கச் சொன்னோம், தெரிவித்தார்கள்.

ஒவ்வொரு பெயராக

அறுந்த சிநேம் ஒன்று இருந்தால் இன்னும் இருக்கும். கல்லூரிப் பெயரின் கீழ் உள்ள பதிவுகள் எல்லாம் அடங்கிய ஜோன் கோப்பை மொத்தமாக அச்செடுத்து மேசையில் விரித்து, சிஸ்டம் அட்மினை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகக் கேட்டோம்: இது எதற்கு? யார் கேட்டது? இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்? நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார். பாதி வரிகளுக்கு அவரிடம் விடை இல்லை. அவருக்கு முன் இருந்தவர், அவருக்கும் முன் இருந்தவர் சேர்த்தவை அவை.

ஒரு வரியில் பெயரின் கடைசியில் வைக்க வேண்டிய புள்ளியை யாரோ விட்டிருந்தார்கள். பைண்ட் போன்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருள்களில் அந்தப் புள்ளி இல்லையென்றால் ஜோனின் பெயரைத் தானாகவே பின்னால் ஒட்டிக்கொள்ளும். அதனால் கல்லூரியின் முழு டொமைனும் இருமுறை அடுத்தடுத்து வரும் ஒரு முகவரிக்கு அந்த வரி சுட்டிக்கொண்டிருந்தது. நூலகத்தின் மின்னூல் பக்கம் அது. வேலை செய்யவில்லை என்பதால் நூலகர் ஐபி எண்ணையே ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு கணினியிலும் ஒட்டி வைத்திருந்தார். அந்தத் தாள் மஞ்சளாகிப் போயிருந்தது. புள்ளி ஒன்றை வைத்து, கோப்பின் தொடர் எண்ணைக் கூட்டி, சேவையை மறுபடி ஏற்றியதும் பெயரிலேயே பக்கம் திறந்தது. நூலகர் அப்போதே தாள்களைக் கிழிக்கத் தொடங்கிவிட்டார்.

ஜோன் கோப்பில் இல்லாத பெயர்களும் இருந்தன. சான்றிதழ் வெளிப்படைத்தன்மைப் பதிவேடுகள் என்று பொதுவில் உள்ளவற்றில், ஒரு டொமைனின் கீழ் வழங்கப்பட்ட சான்றிதழ்களைத் தேடலாம். குரோம் உலாவி 2018 முதல் புதிய சான்றிதழ்கள் அங்கே பதிவாகியிருக்க வேண்டும் என்று வலியுறுத்துவதால், ஏறக்குறைய எல்லாமே அதில் கிடைக்கும். அங்கே தேடியபோது அட்மின் கேள்விப்படாத பெயர்கள் வந்தன. கணினி அறிவியல் துறைக்கு என்று ஒரு துணை ஜோனை எப்போதோ பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். துறை தன் லேபில் ஒரு பழைய கணினியில் தனியாகப் பெயர் சேவையை நடத்திக்கொண்டிருந்தது. மாணவர்கள் கற்றுக்கொள்ள அருமையான ஏற்பாடு. அதைத் தொடங்கிய பேராசிரியர் வேறு கல்லூரிக்குப் போன பிறகு, அந்தக் கணினி மேசைக்கடியில் தூசியோடு ஓடிக்கொண்டிருந்தது.

டொமைன் பதிவிலேயே ஒரு சிக்கல் இருந்தது. தொடர்புக்கான மின்னஞ்சல் ஓய்வு பெற்ற ஒருவருடையது, அதுவும் கல்லூரியின் அதே டொமைனில் உள்ள அஞ்சல். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் யாரும் திறக்காத பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சலும் நின்றுவிடும். அப்புறம் பாஸ்வேர்டை மீட்கும் கடிதம்கூட வந்து சேராது. இதைச் சொன்னதும் கல்லூரி அலுவலகம் அன்றே கடிதம் தயாரித்தது. இப்போது தொடர்பு முகவரிகளில் ஒன்று வெளியில் உள்ள அஞ்சல் சேவையில் இருக்கிறது, அதன் சாவி முதல்வர் அலுவலகத்தில்.

இன்னொன்றை மீட்க முடியவில்லை. ஒரு துறை, பன்னாட்டுக் கருத்தரங்குக்காகத் தனியாக ஒரு .இன் டொமைனைப் பேராசிரியரின் சொந்த கார்டில் வாங்கியிருந்தது. புதுப்பிக்க ஆளில்லாமல் காலாவதியாகி, இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்பின் அங்கீகாரத்துக்குக் கொடுத்த சுய ஆய்வு அறிக்கையில் சான்றாக அந்தத் தளத்தின் இணைப்புகளைச் சேர்த்திருந்தார்கள். அறிக்கையைத் திறந்து அந்த இணைப்புகளைச் சொடுக்கும் மதிப்பீட்டாளர் எங்கே போய் நிற்பார் என்பதை நினைத்துத் துறைத் தலைவர் நிஜமாகவே கலங்கினார்.

இரண்டு சர்வர், ஒரே யுபிஎஸ்

கல்லூரியின் இரண்டு பெயர் சேவையகங்களும் ஒரே அறையில், ஒரே ரேக்கில், ஒரே யுபிஎஸ்ஸில் இருந்தன. நாள் முழுக்க மின்சாரம் இல்லாத ஒருநாள் ஜெனரேட்டரும் கைவிட்டபோது இரண்டும் சேர்ந்து படுத்தன. கல்லூரியின் மின்னஞ்சல் வெளியில் மேகச் சேவையில்தான் இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அஞ்சலை எங்கே சேர்க்க வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைக் கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. அனுப்பியவர்களின் சர்வர்கள் அஞ்சல்களை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயன்றன. கேம்பஸ் நேர்காணலுக்குத் தேர்வானோர் பட்டியல் ஒன்று அப்படித்தான் தாமதமாக வந்தது. மாணவர்கள் இரவோடு இரவாகப் பெங்களூருக்குப் பஸ் ஏற வேண்டியதானது.

இரண்டாம் நிலைச் சேவையகத்தை வேறு ஊரில், வேறு இணைப்பில் வைக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 2182 என்ற இணைய வழிகாட்டி ஆவணம் 1997 முதலே சொல்கிறது. இப்போது ஒன்று கல்லூரியில், இரண்டு வெளியில். செலவு பெரிதில்லை.

ஏற்காடு

இந்த ஆய்வில் என் மனதை அதிகம் உறுத்தியது மலைமேல் நடந்ததுதான்.

ஏற்காட்டு நிலையத்தில் சில அறைகள், ஒரு நாற்றங்கால், மழை, வெப்பம், ஈரப்பதம், மண் ஈரம் பதியும் கருவிகள் இருக்கின்றன. காபித் தோட்டங்களின் நிழல் மரங்களைப் பற்றிய ஆராய்ச்சி நடக்கிறது. கருவிகள் பதியும் அளவீடுகளை லாகர் என்ற பதிவுக் கருவி சேகரித்து, விபிஎன் (இரண்டு இடங்களை இணையத்தின் மேல் தனியாக இணைக்கும் வழி) வழியாகச் சேலத்தில் உள்ள சர்வருக்கு அனுப்பும். சேலத்திலிருந்து வரும் கேபிள் இணைப்பு இடி மின்னலுக்கு அடிக்கடி அறுபடும். அதற்காக 4ஜி ரவுட்டர் ஒன்றைப் பதிலியாக வைத்திருந்தார்கள். கேபிள் போனால் தானாக 4ஜிக்கு மாறும், மாறவும் செய்தது.

ஆனாலும் எதுவும் திறக்காது. "டவர் ஃபுல்லா இருக்குதுங்க சார், ஆனா ஒண்ணுமே ஓப்பன் ஆக மாட்டேங்குது" என்றார் கள உதவியாளர். மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. மேலே போயிருந்தபோது கேபிளை நாங்களே பிடுங்கிவிட்டுச் சோதித்தோம். இணையத்தில் உள்ள 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங், அதாவது எட்ட முடிகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி, அனுப்பினால் பதில் வருகிறது. பெயரைச் சொல்லிக் கேட்டால் மௌனம். உதவியாளரை அழைத்துத் திரையைக் காட்டினேன். "அப்ப நெட்டு நல்லாத்தானுங்க இருக்குது?" என்றார். ஆமாம், நன்றாகத்தான் இருந்தது. நிலையத்தின் டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரிகளைத் தானாக வழங்கும் சேவை) எல்லாக் கருவிகளுக்கும் கொடுத்த டிஎன்எஸ் முகவரி சேலம் வளாகத்தின் உள்முகவரி மட்டும். கேபிள் அறுந்தால் விபிஎன் போகும், விபிஎன் போனால் அந்த முகவரியை எட்ட முடியாது. விபிஎன் மறுபடி எழ வேண்டுமென்றால் சேலம் நுழைவாயிலின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும், அதைச் சொல்ல வேண்டிய சேவையகம் விபிஎன்னுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வட்டம் மூடிக்கொண்டது.

லாகரின் நினைவகம் சிறியது. அனுப்ப முடியாமல் நிரம்பினால் பழைய அளவீட்டின் மேலேயே புதியதை எழுதிவிடும். எப்போது கேபிள் அறுகிறது? கோடையிடியிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும். அதாவது மலையில் மழை கொட்டித் தீர்த்த நாட்களின் அளவீடுகள்தான் தொடர்ந்து தொலைந்துபோயிருந்தன. மழை பெய்யாத நாட்களின் கணக்கு பழுதில்லாமல் இருந்தது. ஆராய்ச்சி மாணவி ஒருவர் தன் அட்டவணையில் அந்த இடைவெளிகளைக் "கருவிக் கோளாறு" என்று குறித்து, முன்பின் நாட்களின் சராசரியால் நிரப்பியிருந்தார். சேர்வராயன் மலையின் கனமழை அவர் ஆய்வேட்டில் சாதாரண மழையாக மாறியிருந்தது. கருவி கோளாறானதே இல்லை. பெயர் தெரியாமல் நின்றது, அவ்வளவுதான். ஒரு டிஎன்எஸ் அமைப்பு அறிவியல் தரவைத் திரிக்கும் என்பதை அங்கேதான் நேரில் பார்த்தேன்.

சரி செய்தது இப்படி. நிலையத்திலேயே கையடக்கக் கணினி ஒன்றில் ரிசால்வர் ஓடுகிறது. வெளிப்பெயர்களுக்கு அது எந்த இணைப்பு இருக்கிறதோ அதன் வழியாக நேராகவே விடை தேடிக்கொள்ளும், சேலத்தை நம்பி நிற்காது. கல்லூரியின் உள்பெயர்களுக்கான ஜோனின் பிரதி ஒன்றும் அதில் இருக்கிறது. சேலத்தோடு தொடர்பு அறுந்தாலும் அந்தப் பிரதி எவ்வளவு காலம் செல்லும் என்பதை ஜோனின் தலைமைப் பதிவான எஸ்ஓஏவில் உள்ள காலாவதி அளவு தீர்மானிக்கும். அதை 28 நாளாக வைத்திருக்கிறோம். விபிஎன் 4ஜி வழியாகவும் எழுகிறது. லாகருக்குப் பெரிய நினைவக அட்டை போட்டாயிற்று. மாணவி தன் வழிகாட்டியிடம் சொல்லி, நிரப்பிய இடங்களை வெற்றிடமாகவே காட்டும்படி அட்டவணையைத் திருத்திவிட்டார்.

மேலே இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. நிலையத்தில் 192.168.1 என்று தொடங்கும் முகவரி வரிசை, சேலத்தில் மொழி ஆய்வகத்திலும் அதே வரிசை. யாரோ ஒரு ரவுட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால் வருவது அதுதான். இரண்டு இடமும் விபிஎன்னில் சந்திக்கும்போது எந்தப் பொட்டலம் எங்கே போக வேண்டும் என்று ரவுட்டருக்கே தெரியாது. நிலையத்துக்குத் தனி வரிசை கொடுத்து எண்களை மாற்றினோம்.

விடுதியும் விரல்ரேகையும்

வளாகத்து முகவரிகளின் நிலையும் பெயர்களின் நிலையும் ஒன்றேதான். தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய வரிசைகளில் 10 என்று தொடங்குவதில் மட்டும் 1,67,77,216 முகவரிகள் உண்டு. ஒரு கல்லூரிக்குத் தட்டுப்பாடு வர வழியே இல்லை. ஆனாலும் ஆண்கள் விடுதியில் வாரத் தொடக்கத்தில் வைஃபை கிடைக்காது. காரணம், விடுதிக்கு ஒதுக்கியது 23 பிட் முன்னொட்டு (இந்த எண் குறையக் குறைய முகவரிகள் கூடும்), பயன்படுத்தக்கூடிய முகவரிகள் 510. ஒவ்வொரு மாணவரிடமும் ஃபோன், லேப்டாப். டிஎச்சிபி ஒருமுறை கொடுத்த முகவரியை 8 நாள் பிடித்துவைக்கும், அது விண்டோஸ் சர்வரின் இயல்பான அளவு. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனவரின் முகவரியும் பூட்டிக் கிடக்கும். போதாததற்கு ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் ஃபோன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு புனை மேக் முகவரியை, அதாவது கருவியின் அடையாள எண்ணை, காட்டுகின்றன. விடுதியில் மூன்று வைஃபை பெயர்கள் இருந்ததால் ஒரே ஃபோன் மூன்று ஆளாகத் தெரிந்தது. மாணவர்களின் அந்தரங்கத்துக்கு அந்த வசதி நல்லது, அதை அணைக்கச் சொல்லக் கூடாது. வைஃபை பெயரை ஒன்றாக்கி, முன்னொட்டை 21 பிட்டுக்குப் பெருக்கி, பிடிப்பு நேரத்தை 12 மணியாகக் குறைத்ததும் புகார் நின்றது.

விரல்ரேகை வருகைக் கருவி விவகாரம் வேடிக்கையானது, ஆனால் அதனால் சம்பளம் பிடித்தம் ஆனவர்களுக்கு அப்படி இல்லை. ஒரு துறையின் கருவி சில காலைகளில் மட்டும் வருகையைச் சர்வருக்கு அனுப்பாது. கருவியை மாட்டியவர் அதற்கு நிலையான முகவரி ஒன்றைத் தன் விருப்பத்துக்குக் கொடுத்திருந்தார், அது டிஎச்சிபி விநியோகிக்கும் வரிசைக்குள்ளேயே இருந்தது. டிஎச்சிபி சர்வர் ஒரு முகவரியைக் கொடுக்கும் முன் பிங் அனுப்பி, யாராவது பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் துறையில் மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவார்கள், கருவி தூங்கிவிடும். காலையில் சீக்கிரம் வரும் ஒருவரின் ஃபோனுக்கு, பதில் சொல்ல ஆளில்லாத அந்த முகவரி போய்விடும். அப்புறம் சுவிட்சைப் போட்டதும் ஒரே முகவரிக்கு இரண்டு பேர். யார் சீக்கிரம் வருகிறார்களோ அவர்களால்தான் மற்றவர்களின் வருகை பதியாமல் போனது. கருவிகள், கேமராக்கள், பிரிண்டர்களுக்கு இப்போது தனி வரிசை, டிஎச்சிபி தொடாத பகுதி. பிடித்தம் செய்ததைத் திருப்பிக் கொடுக்க அலுவலகம் ஒப்புக்கொண்டது.

வீட்டு ரவுட்டரை விடுதிச் சுவர் போர்ட்டில் மாட்டி, அது தன் இஷ்டத்துக்கு முகவரி விநியோகிப்பது எல்லா விடுதியிலும் உண்டு. சுவிட்சுகளில், வேண்டாத டிஎச்சிபி பதில்களைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை இயக்கினால் தீர்ந்தது.

அதைவிட முக்கியம் காவல்துறையிலிருந்து முன்பு வந்திருந்த ஒரு கடிதம். இந்தப் பொது ஐபியை இந்த நேரத்தில் பயன்படுத்தியவர் யார் என்று கேட்டிருந்தார்கள். கல்லூரியிடம் இருப்பது இணைப்பு நிறுவனம் கொடுத்த ஒரு சில பொது முகவரிகள், அவற்றின் பின்னால் மொத்த வளாகமும். எந்த உள்முகவரி எந்தப் போர்ட் எண்ணோடு வெளியே போனது என்ற பதிவு இல்லாமல் ஆளைச் சொல்ல முடியாது. கடிதத்தில் இருந்த நேரம் யுடிசி எனும் உலகப் பொது நேரம், கல்லூரியின் பதிவுகள் இந்திய நேரத்தில். அந்த ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமல் பார்த்ததில் விடுதிக் கண்காணிப்பாளர் சம்பந்தமே இல்லாத ஒரு மாணவரை அழைத்து விசாரித்திருக்கிறார். அந்தப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையமான என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும் என்று அதே 2022 உத்தரவு சொல்கிறது. இப்போது டிஎச்சிபி, நாட் (உள்முகவரியைப் பொது முகவரியாக மாற்றி அனுப்பும் முறை) பதிவுகள் இரண்டும் ஒரே சர்வரில் சேர்கின்றன. விசாரணை என்று வந்தால் அட்மின், துணை முதல்வர் இருவர் கையெழுத்தில்லாமல் அதைத் திறக்கக் கூடாது என்ற விதியையும் போட்டிருக்கிறோம்.

பதிவேடு

இத்தனைக்கும் ஒரே வேர்தான்: ஒவ்வொரு பெயருக்கும் எண்ணுக்கும் உரியவர் யார் என்று எழுதப்படவில்லை. பெரிய மென்பொருள் வாங்கலாம் என்று கல்லூரி சொன்னது. வேண்டாம் என்றோம். இருக்கிற ஒரே அட்மின் பராமரிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் ஒரு எளிய கோப்பு. பெயர், எங்கே சுட்டுகிறது, எதற்கு, எந்தப் பதவிக்குரியது, இன்று அந்தப் பதவியில் யார், எந்தத் தேதிவரை. ஜோன் கோப்பு இதிலிருந்துதான் உருவாகிறது. பதிவேட்டில் இல்லாத பெயர் டிஎன்எஸ்ஸுக்குள் போகவே முடியாது. தேதி நெருங்கினால் உரியவருக்கு அஞ்சல், பதில் இல்லையென்றால் துறைத் தலைவருக்கு, அப்புறமும் இல்லையென்றால் பெயர் நீங்கும்.

ஆனால் கோப்பை எழுதிவிட்டால் மட்டும் நிலைக்காது, ஆட்கள் மாறும்போது அதுவும் பழசாகிவிடும். கல்லூரியில் ஏற்கெனவே உயிரோடு இருக்கும் ஒரு நடைமுறையில் இதைக் கட்ட வேண்டும் என்று தேடியபோது கிடைத்தது நோ டியூ படிவம். வேலையை விட்டுப் போகும் ஆசிரியரும் படிப்பை முடிக்கும் மாணவரும் நூலகம், லேப், விடுதி என்று ஒவ்வொரு இடமாக அலைந்து கையெழுத்து வாங்கும் அதே தாள். அதில் "கணினி மையம்: இவர் பெயரில் டொமைன், ஐபி பதிவு உண்டா? யாரிடம் ஒப்படைத்தார்?" என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. இந்தக் கையெழுத்து இல்லாமல் டிசி கிடைக்காது. இந்த முழு வேலையிலும் மிகப் பயனுள்ள மாற்றம் எது என்று கேட்டால் இந்த ஒரு வரியைத்தான் சொல்வேன்.

சிம்போசியத்துக்கு இனிப் பெயரே கொடுக்கக் கூடாது என்று ஒரு குரல் எழுந்தது. அதை உறுதியாக மறுத்தோம். கொடுக்கவில்லையென்றால் மாணவர்கள் வெளியே சொந்தக் காசில் டொமைன் வாங்குவார்கள், அது இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். கேட்டால் அன்றே கிடைக்க வேண்டும், ஓராண்டுக்கு மட்டும். விழா முடிந்ததும் பக்கங்களை நிலையான பிரதியாக எடுத்து, கல்லூரியின் நிகழ்வுகள் தளத்தில் ஆண்டு வாரியாக வைத்துவிடுகிறார்கள். அறிக்கைகளில் இனி அந்த இணைப்பைத்தான் கொடுக்க வேண்டும். புதிய பதிவுகளுக்கு டிடிஎல் ஒரு மணி நேரம்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் இதை முதலில் சுமையாகத்தான் பார்த்தது. அடுத்த செமஸ்டர் ரிசல்ட் வெளியிடும்போது சர்வரை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. முன்கூட்டியே டிடிஎல்லை ஐந்து நிமிடமாகக் குறைத்து வைத்து, பதிவை மாற்றினார்கள். மாணவர்களுக்கு எதுவும் தெரியாமலே மாற்றம் முடிந்தது. அதற்குப் பிறகு தங்கள் பெயர்களை அவர்களே வந்து பதிவேட்டில் சரிபார்க்கிறார்கள்.

இன்னும் முடியாதவை சில. கைவிட்டுப்போன கருத்தரங்கு டொமைனுக்குச் சுட்டும் இணைப்புகளை அடுத்த தர அறிக்கையில்தான் மாற்ற முடியும். கணினி அறிவியல் துறையின் துணை ஜோன் பொறுப்பு ஒரு இளம் உதவிப் பேராசிரியரிடம் வந்திருக்கிறது, மேசைக்கடியில் இருந்த கணினியை அவர் சர்வர் அறைக்கு மாற்றப்போகிறார். மிகப் பெரிய புதிய முகவரி முறையான ஐபிவி6 இன்னும் தாளில்தான். ஆசிய-பசிபிக் பகுதிக்கு முகவரி ஒதுக்கும் ஏப்னிக் 2011 ஏப்ரலிலேயே பழைய முறையான ஐபிவி4-இல் தன் கடைசி 8 பிட் தொகுதிக்கு வந்துவிட்டது, இந்தியாவில் முகவரி வழங்கும் இரின் அமைப்பிடமும் பெரிதாகக் கேட்க முடியாது. இணைப்பு நிறுவனம் 48 பிட் முன்னொட்டு ஒன்றைத் தருகிறது. அதில் விடுதிக்கும் ஏற்காட்டுக்கும் எந்தெந்தப் பகுதி என்று பிரித்து, யார் பொறுப்பு என்பதையும் எழுதிவிட்டு, செமஸ்டர் விடுமுறையில் பெண்கள் விடுதியில் முதலில் இயக்குவதாகத் திட்டம்.